எளியவர்களைக் கடவுள் எப்படிக் கவனிக்கிறார்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வேதபாட வகுப்பிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கேட்பவர்களில் கத்தோலிக்கர் உண்டு, சி.எஸ்.ஐ. உண்டு, பெந்தெகொஸ்தே உண்டு. எந்தச் சபையிலும் சேராமல் செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருபவர்களும் உண்டு. பதில் சொல்பவர் குருவானவர் இல்லை. வகுப்பு எடுக்கிற ஒரு சாதாரண விசுவாசி. வசனங்கள் சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்க வேதாகமத்தில் சொற்கள் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

"அவர் உங்களை விசாரிக்கிறவர்" என்று ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறதே, அது யார் யாருக்குச் சொன்னது?

1 பேதுரு 5:7. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." விசாரிக்கிறவர் என்றால் அக்கறையோடு கவனிக்கிறவர். ஆட்டோவிலும் காலண்டரிலும் இந்த ஒரு வரிதான் வரும். அதற்கு முந்தைய வரிகளை யாரும் ஸ்டிக்கர் அடிப்பதில்லை. பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார் என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. ஏற்ற காலத்தில் அவர் உங்களை உயர்த்துவார் என்கிறது 6-ஆம் வசனம். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த விசாரிப்பு யார் பக்கம் நிற்கிறது என்று தெரியும்.

கடிதம் போய்ச் சேர்ந்தது பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா பகுதிகளுக்கு, அதாவது இன்றைய துருக்கிக்கு. அங்கே சிதறிக் கிடந்த வேற்றூர்க்காரர்களும் வீட்டு அடிமைகளும் அதைக் கேட்டார்கள். எழுதியவர் என்று அந்தக் கடிதமே சொல்வது பேதுருவை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் சிக்காமல் கரைக்கு வந்தவர் அவர் (லூக்கா 5). மாதாமாதம் வங்கியில் சம்பளம் விழுகிற ஒருவர் "கவலைப்படாதீங்க" என்று சொல்வதும் இவர் சொல்வதும் ஒன்றல்ல.

இத்தனை கோடி ஜனத்தில் என்னை எப்படி அவருக்குத் தெரியும்?

இயேசு இதற்குச் சந்தை விலையை வைத்துப் பதில் சொன்னார். மத்தேயு 10:29-இல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் இரண்டு காசுக்கு நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. காசிமேட்டில் கூறு கட்டிய மீனோடு கடைசியில் அள்ளிப் போடுகிறார்களே, அந்த மாதிரி. விலையே இல்லாதது. அந்தக் காசும் பெரிய காசு இல்லை, ஒரு நாள் கூலியில் பதினாறில் ஒரு பங்கு. குருவிக்கறி ஏழைகள் வாங்கித் தின்கிற கறி. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று சொல்லும்போது, கொசுறாகப் போன அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

எளியவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார் என்று வேதத்தில் வேறு எங்கே இருக்கிறது?

எங்கே இல்லை என்று கேட்டால் பதில் சுருக்கமாக முடியும். இருந்தாலும் ஆகாரிடமிருந்து தொடங்கலாம். எகிப்திலிருந்து வந்த அடிமைப் பெண். கர்ப்பமாக இருக்கும்போது எஜமானி சாராய் கொடுமைப்படுத்த, வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே ஒரு நீரூற்றருகே தேவதூதன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சாராயும் அவள் கணவன் ஆபிராமும் அந்த அதிகாரம் முழுக்க அவளைப் பெயரால் கூப்பிடவே இல்லை, "அடிமைப்பெண்" என்றுதான் பேசுகிறார்கள். வேதத்தில் கடவுளுக்கு முதன்முதலில் பெயர் வைத்தவள் அவள்தான்: "நீர் என்னைக் காண்கிற தேவன்" (ஆதியாகமம் 16:13). முற்பிதாக்களில் யாரும் இல்லை, ஓடிப்போன ஒரு வேலைக்காரப் பெண்.

அப்புறம் யாத்திராகமம் 3:7. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலரைப் பற்றி, "ஆளோட்டிகளினிமித்தம் அவர்கள் இடுகிற கூக்குரலைக் கேட்டேன்" என்கிறார் கடவுள். ஆளோட்டி என்றால் நம் பாஷையில் மேஸ்திரி, சூப்பர்வைசர். எகிப்தின் பிரமிடுகளையோ பார்வோனின் ரதங்களையோ பற்றிக் கடவுள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. செங்கல் சூளைச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

சாமுவேலின் தாய் அன்னாள் பாடிய பாட்டு (1 சாமுவேல் 2), 113-ஆம் சங்கீதம், மரியாள் பாடிய பாட்டு (லூக்கா 1) மூன்றையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். புழுதியில் கிடக்கிறவனை எடுப்பது, குப்பையில் இருக்கிறவனை உயர்த்துவது, பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளுவது என்று ஒரே பல்லவி. மரியாளின் பாட்டை நாம் மாலை ஆராதனையில் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடுகிறோம். வார்த்தைகளைக் கவனித்தால் அது தாலாட்டு மாதிரி இல்லை. "பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்" என்று ஒரு நாசரேத்துப் பெண் பாடுகிறாள். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் கோயிலுக்குப் போகும்போது ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாதவர்கள் கொடுக்கலாம் என்று சட்டம் விட்டுவைத்த புறாக்களைத்தான் அவளும் யோசேப்பும் எடுத்துப்போனார்கள் (லூக்கா 2:24, லேவியராகமம் 12:8).

எளியவர் என்றால் காசு இல்லாதவரா, மனத்தாழ்மை உள்ளவரா?

லூக்கா 6:20-இல் இயேசு "தரித்திரராகிய நீங்கள்" என்கிறார். மத்தேயு 5:3-இல் "ஆவியில் எளிமையுள்ளவர்கள்" என்கிறார். வசதி உள்ளவர்களுக்கு மத்தேயு பிடிக்கும், இல்லாதவர்களுக்கு லூக்கா பிடிக்கும். இரண்டையும் வேதம் சேர்த்தே வைத்திருக்கிறது, பிரிக்க வேண்டியதில்லை. சங்கீதங்களில் "எளியவன்" என்று வருகிற ஆள் பெரும்பாலும் கையில் காசும் இல்லாதவன், பின்னால் சிபாரிசுக்கு ஆளும் இல்லாதவன். அதனால் கடவுளைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் போக்கிடமற்ற நிலையை மனதால் உணர்கிறவர் பணக்காரராக இருந்தாலும் உள்ளே வரலாம். வரி வசூலித்துப் பணக்காரரான சகேயு வந்தார். வந்த அன்றே ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். "எனக்கு மனத்தாழ்மை இருக்கிறது, அது போதும்" என்று சொல்கிற வசதிக்காரர்கள் அந்தப் பாதிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

பணக்காரர்களைக் கடவுள் வெறுக்கிறாரா?

இல்லை. இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த ஊதாத் துணி விற்ற லீதியாள், கல்லறை கொடுத்த அரிமத்தியா யோசேப்பு, நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைத்த பர்னபா எல்லாரும் வசதி உள்ளவர்கள்தான்.

தாழ்மை என்றால் அடங்கிப் போவதா? மேலதிகாரி திட்டினாலும், வீட்டில் அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்பவர்கள் பெண்கள். அதுவும் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அடியைப் பொறுத்துக்கொள்வதற்குப் பெயர் தாழ்மை இல்லை.

பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 ஒருவரைச் சொல்கிறது. யார்? மோசே. பார்வோன் முன்னால் போய் "என் ஜனங்களைப் போகவிடு" என்று திரும்பத் திரும்ப நின்ற அதே மோசே. "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று சொன்ன இயேசு, விசாரணையில் ஒரு சேவகன் அறைந்தபோது வாயை மூடிக்கொள்ளவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் பவுலை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் கமுக்கமாகப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. அதிகாரிகள் தாங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). அவர்கள் வந்தார்கள்.

எதிர்க்கேள்வியும் வரும். ஆகாரைத் திரும்பிப் போய் எஜமானியின் கையின்கீழ் அடங்கியிருக்கச் சொன்னது தேவதூதன்தானே? முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியுங்கள் என்று பேதுருவே வேலைக்காரருக்கு எழுதவில்லையா (1 பேதுரு 2:18)? உண்மைதான், இரண்டும் இருக்கின்றன, பூசி மெழுக வேண்டியதில்லை. சட்டம், நீதிமன்றம், ஓடி ஒளிய இடம் எதுவுமே இல்லாத ஆட்களுக்கு, அன்றைக்கு உயிரோடு இருப்பதற்காகச் சொன்னவை அவை. அதே ஆகார் 21-ஆம் அதிகாரத்தில் அந்த வீட்டைவிட்டு ஒரேயடியாக வெளியே அனுப்பப்படுகிறாள், கடவுள் அவளோடும் பிள்ளையோடும் போகிறார். பவுலும் அடிமைகளைப் பார்த்து, விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்கிறார் (1 கொரிந்தியர் 7:21). நமக்கு இன்றைக்கு வழி இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. "ஜெபம் பண்ணிட்டுப் பொறுத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஊழியர் யாராக இருந்தாலும் அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

அப்போ உண்மையான தாழ்மை எப்படி இருக்கும்?

இறங்கத் தேவையில்லாதவர் இறங்கி வருவது. ஏற்கெனவே கீழே இருப்பவரை இன்னும் கீழே அழுத்திவிட்டு, அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்கக் கூடாது. பிலிப்பியர் 2-இல் பவுல் சொல்வதும் யோவான் 13-இல் இயேசு செய்வதும் இதுதான். "போதகர்" என்றும் "ஆண்டவர்" என்றும் கூப்பிடப்படுகிறவர் துண்டைக் கட்டிக்கொண்டு, வீட்டு வேலைக்காரன் செய்கிற வேலையைச் செய்தார். பெரிய வியாழனன்று கோயிலில் இதை நினைவுகூருகிறோம். அன்றைக்குப் பாதம் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள். மீன் ஏலக் கூடத்திலிருந்து நேராக வரச் சொல்லிப் பார்க்கலாம்.

தன்னைத் தானே கேவலமாக நினைப்பதும் தாழ்மை இல்லை. "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லை" என்று பேசிக்கொண்டே இருப்பவர் ஒருவகையில் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவர் கவனிக்கிறார் என்றால், புயலிலும் எண்ணெயிலும் முதலில் அடிபடுவது ஏன் நாங்கள்?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி இந்தக் கரைக்கும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கறுப்பானது, மீனவர்களே வாளியை வைத்து எண்ணெயை அள்ளினார்கள். அந்த வருடம் அங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தக் கேள்வியை எழுப்புவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அவருக்கு 10-ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். முதல் வரியே "கர்த்தாவே, ஏன் தூரத்தில் நிற்கிறீர்?" என்றுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். "பாவத்துக்குத் தண்டனை" என்கிற பேச்சு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4). எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் பக்கம் பக்கமாக அந்த வாதத்தைப் பேசினார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது யோபுமேல் இல்லை, அந்த நண்பர்கள்மேல்.

அடுத்து, வெள்ளத்தைக் கடவுள் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் மனிதர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆற்று முகத்துவாரத்தை அடைத்தது யார், அனல்மின் சாம்பல் எங்கே கொட்டப்பட்டது, நகரத்துக்கு வேண்டாத தொழிற்சாலையெல்லாம் ஏன் வடக்கே வந்து சேர்ந்தது என்ற கேள்விகளுக்குப் பதில் வானத்தில் இல்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா பிடுங்கிக்கொண்டபோது, "எல்லாம் தேவசித்தம்" என்று தீர்க்கதரிசி எலியா ஆறுதல் சொல்லவில்லை. நேராக ராஜாவிடம் போனார் (1 இராஜாக்கள் 21).

இதற்குப் பிறகும் கேள்வியில் ஒரு பகுதி மிச்சம் நிற்கும். வேதம் காரணங்களை வரிசை போட்டுத் தருவதில்லை. அது தருவது சிலுவையை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கத்துகிறவரைக் கிறிஸ்தவர்கள் கடவுள் என்று நம்புகிறார்கள். பட்டணத்துக்கு வெளியே, குற்றவாளிகளோடு, துணிகூட உருவப்பட்டுச் செத்தவரை. இது கரையில் நிற்பவருக்கு நஷ்ட ஈடு ஆகாது. நம்மைக் கைவிட்டுவிட்டு அவர் வேறு எங்கோ பத்திரமாக இருக்கிறார் என்ற எண்ணத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

காணிக்கை போட்டால் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்கிறார்களே? ஏழை விதவை தனக்கு இருந்ததையெல்லாம் போடவில்லையா?

மாற்கு 12:41 முதல் 44 வரை வருகிற விதவை. இரண்டே காசு போட்டாள், தன் ஜீவனத்துக்கு இருந்ததெல்லாம் அதுதான். காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அதற்கு ஒரே ஒரு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் வாசிப்பதில்லை. நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, நீண்ட ஜெபம் பண்ணி, "விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற" வேதபாரகரை, அதாவது வேதச்சட்டம் கற்பிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். உடனே ஒரு விதவை கடைசிக் காசைப் போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கு அடுத்த அதிகாரத்தில், இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடிக்கு இடிக்கப்படும் என்கிறார். அவளுடைய மனதை அவர் மெச்சினார், அதில் சந்தேகமில்லை. அவளிடம் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை மெச்சினார் என்பதற்கு அங்கே ஒரு ஆதாரமும் இல்லை.

ஆக, வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துப் போடாதீர்கள். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் "காணிக்கை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை இயேசு நேரடியாகக் கண்டித்திருக்கிறார் (மாற்கு 7:11). பத்து ரூபாய் போட்டதற்கு நூறு ரூபாய் திரும்ப வரும் என்று மேடையில் சொல்பவர், அவர் பத்தை உங்களுக்குத் தந்து நூறை எதிர்பார்க்கட்டுமே.

சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

நியாயப்படுத்துகிற பதில் கிடையாது. பிரச்சினை புதிதில்லை என்பது ஆறுதலும் இல்லை. பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் உள்ளவர் வந்தால் "இங்கே உட்காருங்கள்" என்றும், கந்தையோடு ஏழை வந்தால் "நீ அங்கே நில்லு" என்றும் சொல்கிற சபையை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. கொரிந்துவில் வசதிக்காரர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, வேலை முடித்து வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 11:20). பந்தி பிரிந்தால் நற்கருணையே செல்லாது என்கிற அளவுக்குக் கடுமையான வார்த்தை அது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பிணத்தையும் பிரித்து வைத்த ஊர்கள் இருக்கின்றன. வரன் பார்க்கிற விளம்பரத்தில் "ஆர்.சி." என்றோ "சி.எஸ்.ஐ." என்றோ போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அதே யாக்கோபைத்தான் கேட்கிறார்கள்.

சட்டமும் இதில் இடிக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மதம் மாறினால் சாதிக்கொடுமை போய்விடும் என்று அரசாங்கம் நம்புகிறது. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இறையியலுக்குள் இதைத் துணிந்து பேசியவர்களில் முக்கியமானவர் அரவிந்த் நிர்மல். 1981-இல் பெங்களூரில் அவர் பேசிய பேச்சிலிருந்துதான் தலித் இறையியல் தொடங்கியதாகச் சொல்வார்கள். பிறகு நம் கீழ்ப்பாக்கத்திலேயே இருக்கிற குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அந்தத் துறையை நடத்தினார். உபாகமம் 26-இல் இஸ்ரவேலர், "என் தகப்பன் நாடோடியாக இருந்தான், எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள்" என்று தங்கள் கதையைச் சொல்லித்தான் முதற்பலனைப் படைக்கிறார்கள். அதுபோல ஒடுக்கப்பட்டவர்களும் தங்கள் கதையை மறைக்காமல் சொல்லி வழிபட வேண்டும் என்றார் நிர்மல். "பழசை ஏன் கிளறுகிறீர்கள்" என்று கேட்கிற சபைப் பெரியவர்களுக்கு இதைவிடப் பழைய பதில் வேண்டுமா?

நம்ம ஏரியாவுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

இராயபுரம் என்கிற பெயரே இராயப்பரிலிருந்து, அதாவது பேதுருவிலிருந்து வந்தது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் மசூலா படகோட்டிகள். அவர்கள் கைக்காசு போட்டுக் கட்டியது புனித இராயப்பர் கோயில். ஊருக்கே சாமான் சுமந்தவர்களின் கோயில் பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது.

பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் பிப்ரவரி 11 திருவிழாவுக்குப் போகிறவர்கள் பெர்னதெத் யார் என்று அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 1858-இல் பிரான்ஸின் லூர்து ஊரில் மாதா காட்சி கண்டதாகச் சொல்லப்படுகிற 14 வயதுப் பெண். மாவுமில் நொடித்துப்போன குடும்பம், பழைய சிறைச்சாலை அறை ஒன்றில் குடியிருந்தது. ஹவுஸிங் போர்டு ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிறவர்களுக்கு அது புரியும். ஆஸ்துமா வேறு, பிரெஞ்சுகூடச் சரியாகப் பேச வராது. காட்சியில் வந்த பெண்மணி தன்னிடம் "தயவுசெய்து பதினைந்து நாள் இங்கே வருவீர்களா?" என்று மரியாதையோடு கேட்டதாக பெர்னதெத் சொன்னாள். ஊரில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. சீர்திருத்தச் சபைக்காரர்கள் காட்சியை ஏற்கமாட்டார்கள், சரி, அது வேறு விவாதம்.

எனக்குப் படிக்கத் தெரியாது, ஜெபிக்கவும் வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்தார். ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், ஒரே வாக்கியம்தான் சொன்னான்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." பக்கத்தில் நீளமாக ஜெபித்த பரிசேயனைவிட அவன்தான் நீதிமானாக வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு (லூக்கா 18). பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கமே குறித்து வைத்திருக்கிறது (அப்போஸ்தலர் 4:13).

நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அரிசி மூட்டை கொடுத்தால் போதுமா?

கொடுங்கள். ஆனால் வாங்குகிறவர் முகம் தெரிய போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவருக்கு ஸ்டேட்டஸ் பிடிக்காது.

தானத்துக்கு முன்னால் கூலி. ஏழையான கூலியாளுக்கு அன்றைய கூலியைச் சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கொடுத்துவிடு, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறது யாக்கோபு 5:4. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் இராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நம் தெருக் குப்பையை அள்ளுகிறவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சபையின் விண்ணப்ப ஜெபத்தில் அவர்கள் வந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி போகிறதா, பத்தாம் தேதி போகிறதா என்பதும் இதே கேள்விதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலிகளுக்கும் ஐஸ் உடைக்கிறவர்களுக்கும் மீன் விற்கிற அம்மாக்களுக்கும் வருமானம் குறைகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் அதோடு சேர்கிறது. கிறிஸ்துமஸுக்கு எல்லா சபையும் உதவி செய்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு சபையாவது நோட்டுப் புத்தகமும் கட்டணமும் பார்த்துக்கொண்டால் அது மத்தேயு 25:40-க்கு நெருக்கமாக வரும். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்கிற வசனம் அது. கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கிற வின்சென்ட் தே பால் சபை 1833-இல் பாரிஸில் சில மாணவர்கள் ஆரம்பித்தது. ஏழைகளை வரிசையில் நிற்க வைக்காமல் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அன்றிலிருந்து அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை எந்தச் சபையும் எடுத்துக்கொள்ளலாம், காப்புரிமை ஒன்றும் இல்லை.

இந்தக் கவனிப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா?

ஆகார் எகிப்தியப் பெண். அறுவடை வயலில் கதிர் பொறுக்கிய ரூத் மோவாபியப் பெண். நினிவே எதிரி நாட்டுப் பட்டணம். அதை அழிக்கவில்லையே என்று தீர்க்கதரிசி யோனா கோபித்துக்கொண்டபோது, லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களும் அங்குள்ள மிருகஜீவன்களும் எனக்குப் பரிதாபமாக இல்லாமல் இருக்குமா என்று கடவுள் கேட்டார். பெரம்பூரிலும் அந்தோணியார் கோயிலிலும் பூ, மெழுகுவத்தியோடு நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேரை எந்த மதம் என்று கேட்டால் வேறு பதில் வரும், யாரும் கேட்பதில்லை.

இயேசு தன் சொந்த ஊர் நாசரேத்தில் இதையே பேசினார் (லூக்கா 4). எலியாவின் காலத்துப் பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் எலியா அனுப்பப்பட்டது சீதோனைச் சேர்ந்த சரெப்தா ஊர் விதவையிடம். எலிசாவின் நாளில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுத்தமானது சீரியா தேசத்து நாகமான் என்றார். அதுவரை அவருடைய பேச்சை மெச்சிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எழுந்து, அவரை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், மலை உச்சியிலிருந்து தலைகீழாகத் தள்ளிவிடப் பார்த்தார்கள்.